கேம் விமர்சனமும் மதிப்பெண்ணும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கேமின் பெயரைத் தேடினால் முதலில் கண்ணில் படுவது ஏதோ ஒரு எண்தான். 8, 86, நாலு நட்சத்திரம் என்று. அந்த எண் எந்த மெஷினில், எந்தப் பதிப்பில், எவ்வளவு நேரம் ஆடி, யார் போட்டது என்று தெரியாதவரை அதை நம்பிப் பணம் போடுவது சரியல்ல. வாங்கும் முன் விமர்சனம் படிப்பவர்களும், தாங்களே எழுத நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னும் வெளிவராத கேம் விமர்சகர் கைக்கு எப்படி வருகிறது?

வெளியிடும் நிறுவனமோ அதன் பிஆர் (விளம்பரத் தொடர்பு) ஏஜென்சியோ ரிவ்யூ கோடு அனுப்பும், அதாவது கேமை இலவசமாகத் திறக்கும் குறியீடு. பிசி என்றால் பெரும்பாலும் ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் போடும் கீ. கன்சோல் (பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் போன்றவை) என்றால் அந்தந்த ஸ்டோரில் போட வேண்டிய கோடு. மிகவும் முன்கூட்டியே தரப்படும் பதிப்பு சில சமயம் சோதனைக்கென்றே உள்ள டெஸ்ட் கன்சோலில்தான் ஓடும். கோடோடு ஒரு ரிவ்யூ கைடும் வருவது வழக்கம். நிறுவனத்துக்கே தெரிந்த பக்குகள் (கேமில் உள்ள பிழைகள்), எந்த பேட்ச் (பிழை திருத்தும் அப்டேட்) எந்தத் தேதியில் வரும், கதையில் எந்தத் திருப்பத்தை வெளியே சொல்லக் கூடாது, விமர்சனத்தை எந்த நேரத்திலிருந்து வெளியிடலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

இதில் பலரும் கவனிக்காத விஷயம் கால அவகாசம். இரண்டு மூன்று வாரம் கிடைத்தால் நல்லது. பல சமயம் ஒரு வாரம்கூடக் கிடைக்காது. 60 மணி நேர கேம் ஐந்து நாள் முன்பு வந்தால் நாளைக்கு 12 மணி நேரம் ஆடியாக வேண்டும், எழுத வேண்டியது தனி. வாசகர் மாலை நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு மாதம் ஆடப்போகும் கேமை விமர்சகர் ஒரே மூச்சில் ஓட்டுகிறார். அப்படி ஓட்டும்போது சைடு குவெஸ்டுகள் (முக்கியக் கதைக்கு வெளியே உள்ள பணிகள்) சுமையாகத் தெரியும், திரும்பத் திரும்ப வரும் எதிரிகள் சீக்கிரம் சலிக்கும். இன்னொரு பக்கம், 30 மணி நேரத்துக்குப் பிறகு தலைகாட்டும் குறைகள் சில சமயம் கண்ணில் படாமலே போகும். 2023 ஆகஸ்டில் பால்டர்ஸ் கேட் 3 வந்தபோது பல தளங்கள் முதலில் மதிப்பெண் இல்லாத தற்காலிக விமர்சனம் போட்டுவிட்டு, முடித்த பிறகே மதிப்பெண் தந்தன. அவ்வளவு நீளமான கேமுக்கு அதுதான் நேர்மையான வழி.

எம்பார்கோ என்றால் என்ன?

குறிப்பிட்ட தேதி, நேரம் வரை விமர்சனத்தை வெளியிட மாட்டேன் என்று கொடுக்கும் ஒப்புதல். இது சதி வேலை அல்ல. எம்பார்கோ இல்லாவிட்டால் யார் முதலில் போடுவது என்ற ஓட்டத்தில் பாதி ஆடிய விமர்சனங்கள்தான் வரும்.

பார்க்க வேண்டியது அதோடு ஒட்டிவரும் நிபந்தனைகளை. கதையை உடைக்காதே என்பது நியாயம். சொந்தமாகப் பதிவுசெய்த வீடியோவைக் காட்டாதே என்றால் எச்சரிக்கையாக வேண்டும். 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077-க்கு நடந்தது அதுதான். வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கிடைத்தது பிசி பதிப்பு மட்டும். சொந்த வீடியோ காட்டவும் தடை. வந்த விமர்சனங்கள் நன்றாகவே இருந்தன. பிளேஸ்டேஷன் 4 (பிஎஸ்4), எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோல்களில் அது எப்படித் திணறியது என்பது மக்கள் காசு கொடுத்து வாங்கிய பிறகுதான் தெரிந்தது. சோனி அந்த மாதமே அதைத் தன் ஸ்டோரிலிருந்து எடுத்தது, 2021 ஜூனில்தான் திரும்ப வைத்தது. பல விமர்சனங்களின் எண்களைத் திரட்டிச் சராசரி காட்டும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் அதன் பிசி பதிப்பு 80-களிலும் பிஎஸ்4 பதிப்பு 50-களிலும் நிற்கின்றன. கேமின் பெயர் ஒன்றுதான்.

வெளியீட்டு நாள் வரை ஒரு விமர்சனமும் வரவில்லை. சந்தேகப்படலாமா?

காத்திருக்கலாம். நிறுவனத்துக்கே நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம். சர்வர் இல்லாமல் ஆட முடியாத கேமாக இருக்கலாம். அல்லது அது அந்த நிறுவனத்தின் கொள்கையாக இருக்கலாம்: 2016 அக்டோபரில் பெதஸ்டா, இனி ஒரே ஒரு நாள் முன்புதான் ரிவ்யூ காப்பி தருவோம் என்று வெளிப்படையாகவே அறிவித்தது. காரணம் எதுவானாலும் முன்பதிவு செய்தவருக்குத்தான் நஷ்டம்.

விமர்சகர் கேமை முழுதாக முடிக்க வேண்டுமா?

கதையை நம்பி நிற்கும் கேம் என்றால் முடித்தே ஆக வேண்டும். முடிவு சொதப்பினால் முன்னால் வந்ததெல்லாம் அர்த்தம் மாறிவிடும். முடிவே இல்லாத உத்தி விளையாட்டுகள், ரோக்லைக்குகள் (தோற்றால் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டிய கேம்கள்), விளையாட்டுப் போட்டி கேம்கள் வேறு வகை. அங்கே கேட்க வேண்டியது 'முடித்தாயா' என்பதல்ல, 'இதற்குமேல் புதிதாக எதுவும் வராத இடத்துக்குப் போனாயா' என்பது. ஒரு ரோக்லைக்கில் ஒரு முறைகூடக் கடைசி பாஸை (பெரிய எதிரியை) வீழ்த்தாமல் எழுதினால், அதற்குப் பிறகு திறக்கும் பாதி கேமைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

முடிக்க முடியாமல் போகும் நிலையும் உண்டு: ஒரு பக் கதையைப் பூட்டிவிடும், சேவ் ஃபைல் கெட்டுவிடும், அல்லது கேம் அவ்வளவு மோசமாக இருக்கும். அப்போது எங்கே, ஏன் நிறுத்தினார் என்பதை விமர்சனத்திலேயே எழுத வேண்டும். அடிக்குறிப்பில் ஒளித்துவைக்கக் கூடாது.

ஆடும்போது குறிப்பு எப்படி எடுப்பது?

ஆடத் தொடங்கும் முன் நான்கு விஷயத்தை எழுதிவையுங்கள்: மெஷின், கேமின் பதிப்பு எண், கிராஃபிக்ஸ் மோடு, டிஃபிகல்டி (ஆட்டத்தின் கடின நிலை). பேட்ச் வந்தால் அந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு குறிப்பும் ஆட்ட நேரத்தோடு இருக்கட்டும். '6:40, மூன்றாவது முறையாக அதே சுரங்கம்' என்பது பின்னால் உதவும். 'லெவல் டிசைன் சுமார்' என்பது உதவாது.

முதல் ஒரு மணி நேரத்தை விரிவாக எழுதுங்கள். கற்றுக்கொடுக்கும் பகுதி குழப்பியதா என்பது இரண்டாம் நாளே மறந்துவிடும், கைக்குப் பழகிவிட்டிருக்கும். சலிப்பு தட்டிய நேரத்தையும், இன்னும் ஒரு ரவுண்டு என்று நிறுத்த முடியாமல் போன நேரத்தையும் தவறாமல் குறியுங்கள். மதிப்பெண்ணுக்கு மிகவும் உதவும் தரவு இவை இரண்டும்தான்.

சேவ் ஃபைலை ஒரே இடத்தில் எழுதாமல் ஐந்து மணி நேரத்துக்கு ஒரு முறை புதிய ஸ்லாட்டில் வையுங்கள். ஒரு சண்டையை மீண்டும் பார்க்கவோ, பேட்ச் வந்த பிறகு அதே இடத்தை ஒப்பிடவோ வேறு வழி கிடையாது.

ஃப்ரேம் ரேட், திணறல் இதையெல்லாம் எப்படிச் சோதிப்பது?

சராசரி ஃப்ரேம் ரேட்டை (ஒரு நொடியில் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கையை) மட்டும் சொல்வது வாசகரை ஏமாற்றுவதற்குச் சமம். கணக்கைப் பாருங்கள். ஒரு நொடியில் 60 ஃப்ரேம். அவற்றில் 59 ஃப்ரேம் தலா 15 மில்லி செகண்டில் வருகின்றன, மீதி ஒன்று 115 மில்லி செகண்ட் எடுத்துக்கொள்கிறது. மொத்தம் 1000. சராசரி சரியாக 60. ஆனால் ஆடுபவர் கண்ணில் அந்த ஒரு ஃப்ரேம் படம் உறைந்தது போலத் தெரியும். ஒவ்வொரு நொடியும் அப்படி ஒன்று வந்தால் அந்த கேமை ஆட முடியாது. அதனால் பார்க்க வேண்டியது ஃப்ரேம் டைம். 60 ஃப்ரேமுக்கு ஒவ்வொன்றும் சுமார் 16.7 மில்லி செகண்டிலும், 30-க்கு 33.3-லும் சீராக வர வேண்டும்.

பிசியில் கேப்ஃப்ரேம்எக்ஸ், பிரசன்ட்மான் போன்ற மென்பொருள்கள் ஃப்ரேம் டைமைப் பதிவுசெய்யும். ஒரே இடத்தை ஒரே பாதையில் மூன்று முறை கடந்து சராசரியோடு '1% லோ' எண்ணையும் (மிக மெதுவாக வந்த 1% ஃப்ரேம்களின் வேகத்தை) எடுங்கள். கூட்டமான ஊர், வேகமான பயணம், தீயும் புகையும் நிறைந்த சண்டை என்று மூன்று வகை இடமாவது வேண்டும். கன்சோலில் உள்ளே எதையும் நிறுவ முடியாது. கேப்சர் கார்டில் (திரையில் வருவதைப் பதியும் கருவியில்) பதிவுசெய்து எத்தனை ஃப்ரேம் உண்மையிலேயே புதியது என்று எண்ண வேண்டும்.

இங்கே எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: ஷேடர் கம்பைல் திணறல். ஷேடர் என்பது ஒளி, நிழல் போன்றவற்றை வரையும் சிறு புரோகிராம், அதைத் தயார்செய்வதுதான் கம்பைல். ஒரு எஃபெக்ட் முதல் முறை திரையில் வரும்போது மட்டும் கேம் தடுக்கும், இரண்டாம் முறை அதே இடம் வழுவழுவென்று போகும். மூன்று முறை சோதித்துச் சராசரி எடுத்தால் இந்தக் குறை காணாமல் போய்விடும். முதல் முறை ஆடும்போதே பதிவுசெய்ய வேண்டும், அல்லது ஷேடர் கேஷை (தயார்செய்து சேமித்து வைத்ததை) அழித்துவிட்டுத் திரும்பச் சோதிக்க வேண்டும். டிரைவரைப் புதுப்பித்தாலும் கேஷ் போய்விடும். சோதனைக்கு நடுவில் புதுப்பித்தால் இரண்டு எண்களும் ஒப்பிட லாயக்கற்றவை.

பக் இருந்தால் எவ்வளவு மார்க் குறையும்?

எண்ணிக்கைக்கு இத்தனை என்று கிடையாது. எத்தனை முறை வருகிறது, வந்தால் எவ்வளவு உழைப்பு வீணாகிறது, தெரிந்துகொண்டு தவிர்க்க முடியுமா என்று பார்க்க வேண்டும். 40 மணி நேரத்தில் மூன்று முறை கிராஷ் ஆகி, ஆட்டோசேவ் இருப்பதால் தலா ஐந்து நிமிடம் போனால் அது எரிச்சல். ஒரே ஒரு கதவு திறக்காமல் கதை அங்கேயே நின்று, பத்து மணி நேரம் பின்னால் போக வேண்டியிருந்தால் அது பேரிழப்பு. கேலிக்குரியதாகக் கழுத்து திரும்பும் பாத்திரங்கள் வீடியோவில் பரவும், ஆனால் மதிப்பெண்ணைத் தீர்மானிப்பவை சத்தமில்லாமல் சேவ் ஃபைலை அழிக்கும் பக்குகள்தான்.

'முதல் நாள் பேட்சில் சரியாகிவிடும்' என்று நிறுவனம் சொன்னால், பேட்ச் கைக்கு வந்து சோதித்த பிறகு அதை எழுதலாம். வாக்குறுதிக்கு மார்க் கிடையாது.

மதிப்பெண் எப்படி முடிவாகிறது? கிராஃபிக்ஸ், ஒலி, கதை என்று தனித்தனியாகப் போட்டுக் கூட்டி வகுப்பதா?

அந்த முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. 1980-களின் பிரிட்டிஷ் கணினி இதழ்கள் பகுதி பகுதியாகச் சதவீதம் போட்டன. இன்று பெரும்பாலான தளங்கள் அதைக் கைவிட்டுவிட்டன, காரணம் எளிது. கிராஃபிக்ஸ் 9, ஒலி 9, கதை 9, கண்ட்ரோல் 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 7.5 வரும். ஆனால் கண்ட்ரோல் 3 என்றால் மற்ற மூன்றையும் யாரும் நிம்மதியாக அனுபவிக்க முடியாது. அந்த கேம் 4 அல்லது 5-தான்.

நடைமுறையில் வேலை இப்படி நடக்கும். முதலில் விமர்சனத்தை எழுதி முடிப்பது. அதன் பிறகு தளத்தின் அளவுகோல் விளக்கத்தை எடுத்து, 6 என்றால் என்ன, 7 என்றால் என்ன என்ற வாசகங்களில் எது எழுதியதோடு பொருந்துகிறது என்று பார்ப்பது. பிறகு அதே தளம் அதே வகையில் சமீபத்தில் மதிப்பெண் தந்த இரண்டு மூன்று கேம்களோடு வைத்துப் பார்ப்பது: இதைவிட அதைப் பரிந்துரைப்பேனா? கடைசியாக எடிட்டர், மதிப்பெண்ணை மறைத்துவிட்டு எழுத்தை மட்டும் படித்துத் தானாக ஒரு எண் சொல்வார். அவர் 6 என்று நினைத்து நீங்கள் 8 போட்டிருந்தால், எண் தவறு அல்லது எழுத்து தவறு. பெரும்பாலும் எழுத்துதான். பிடித்த விஷயங்களை ஒரு பத்தியில் முடித்துவிட்டுக் குறைகளுக்கு ஐந்து பத்தி கொடுத்திருப்பீர்கள்.

மதிப்பெண்ணை முதலில் முடிவு செய்துவிட்டு எழுத உட்காருவது மோசமான பழக்கம். எழுத்து அந்த எண்ணுக்கு வக்காலத்து வாங்கத் தொடங்கிவிடும்.

ஜப்பானின் ஃபமிட்சு இதழில் வேறு முறை. நான்கு பேர் தனித்தனியாக 10-க்குப் போட்டு மொத்தம் 40. ரசனை வேறுபாடு அங்கே வெளிப்படையாகவே தெரியும். முதன்முதலில் முழு 40 வாங்கியது 1998-ல் வந்த செல்டாவின் ஒக்கரினா ஆஃப் டைம்.

100-க்கு, 10-க்கு, 5 நட்சத்திரம். எது சிறந்தது?

எங்கள் கருத்து: குறைவான படிகளே மேல். 86-க்கும் 87-க்கும் என்ன வேறுபாடு என்று எந்த விமர்சகராலும் விளக்க முடியாது. அதே ஆள் அடுத்த வாரம் ஆடினால் எண் மூன்று புள்ளி நகரும். ஐஜிஎன் தளமும் 2020 தொடக்கத்தில் தசமங்களை விட்டுவிட்டு 10-க்கு முழு எண்ணாகத் தர ஆரம்பித்தது.

எல்லா கேமும் 7-லிருந்து 9-க்குள்ளேயே வாங்குகிறதே, 1 முதல் 5 வரை எதற்கு?

ஸ்டீமில் மட்டும் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் கேம்கள் வெளியாகின்றன. ஒரு தளம் அவற்றில் மிகச் சிறு பங்கைத்தான் தொட முடியும். பெரிய செலவில் வந்தவை, பேச்சு கிளப்பியவை, விமர்சகர்கள் ஆசைப்பட்டு எடுத்தவை மட்டுமே அந்த வடிகட்டலைத் தாண்டுகின்றன. கன்சோல் நிறுவனங்களின் சான்றிதழ் சோதனையும் ஓடவே ஓடாதவற்றைத் தடுத்துவிடும். எனவே எண்கள் மேலே குவிவதில் ஒரு பகுதி இயல்பு. இன்னொரு பகுதி பழக்கம்: அமெரிக்கப் பள்ளிகளில் 70-க்குக் கீழே என்றால் மோசம் என்ற எண்ணம் அங்கிருந்து எழுதுபவர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. 5-ஐ உண்மையிலேயே நடுவாக வைக்கும் பிரிட்டனின் எட்ஜ் இதழில் வரும் 7, வேறு பல தளங்களின் 8-க்கு நிகர்.

அடிமட்ட எண்களும் வெறும் அலங்காரம் அல்ல. 2003-ல் வந்த பிக் ரிக்ஸ் என்ற லாரிப் பந்தய கேமில் எதிராளி லாரி கிளம்பவே கிளம்பாது. கட்டடங்களுக்குள் புகுந்து மறுபக்கம் வரலாம். ரிவர்ஸ் கியரில் வேகத்துக்கு வரம்பே இல்லை. கேம்ஸ்பாட் தளம் அதற்கு 1.0 போட்டது. அப்படி ஒன்றுக்கு 5 கொடுக்கும் அளவுகோலில் 7-க்கு அர்த்தம் இருக்காது.

10/10 என்றால் குறையே இல்லை என்று அர்த்தமா?

இல்லை. குறையில்லாத கேம் கிடையாது. 10 என்பது அந்த வகையில் ஆர்வமே இல்லாதவரையும் ஆடச் சொல்லத் துணியும் அளவுக்கு உயர்ந்தது என்ற பரிந்துரை. எட்ஜ் இதழ் 1993-ல் தொடங்கி, முதல் 10-ஐ 1996-ல் சூப்பர் மரியோ 64-க்குத்தான் தந்தது. அதன் கேமரா சுவரில் முட்டிக்கொள்வது அன்று ஆடியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த குறை.

மெட்டாகிரிட்டிக் எண் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

2001 முதல் இயங்கும் தளம் அது. குறைந்தது நான்கு விமர்சனம் சேர்ந்ததும், எல்லாவற்றையும் 100-க்கு மாற்றி, தளத்துக்குத் தளம் வேறு எடை கொடுத்துச் சராசரி எடுக்கிறது. எந்தத் தளத்துக்கு எவ்வளவு எடை என்பதை வெளியிடுவதில்லை. எடை என்ன செய்யும் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு: 90, 80, 80, 70, 60 என்று ஐந்து விமர்சனம். சாதாரணச் சராசரி 76. அந்த 60 போட்ட தளத்துக்கு மட்டும் இரட்டை எடை என்றால் 73. கேம்களுக்கு அங்கே 75-லிருந்து பச்சை, 50 முதல் 74 வரை மஞ்சள். ஒரே ஒரு தளத்தின் எடையால் பச்சை மஞ்சளாகிவிட்டது.

மாற்றும்போது இன்னொரு சிக்கல். 5-க்கு 3 நட்சத்திரத்தை 'நன்றாக இருக்கிறது, இந்த வகை பிடித்தவர்கள் ஆடலாம்' என்ற பொருளில் தரும் தளங்கள் உண்டு. மெட்டாகிரிட்டிக்கில் அது 60, மஞ்சள். எழுத்து கிரேடில் 'பி' 75 ஆகிறது, 'பி மைனஸ்' 67, 'சி' 50. 'சி' போட்டவர் மனதில் இருந்தது நடுத்தரம். அங்கே அது சிவப்புக்கு ஒரு புள்ளி மேலே நிற்கிறது.

ஒவ்வொரு மெஷினுக்கும் தனி எண் என்பதையும் மறக்க வேண்டாம். உங்களிடம் உள்ள மெஷினுக்கான பக்கத்தைப் பாருங்கள்.

ஓபன்கிரிட்டிக் எந்த வகையில் வேறு?

இதுவும் மெட்டாகிரிட்டிக் போல எண்களைத் திரட்டும் தளம், 2015-ல் வந்தது. இரகசிய எடை இல்லை, முன்னணி விமர்சகர்களின் எண்களுக்கு நேரடிச் சராசரி. கூடவே, எத்தனை சதவீத விமர்சகர்கள் பரிந்துரைக்கிறார்கள் என்றும் காட்டுகிறது. மதிப்பெண் போடாத தளங்களின் தீர்ப்பும் இந்தச் சதவீதத்தில் சேர முடியும் என்பது இதன் பெரிய பலம்.

இந்த எண்களால் கேம் செய்பவர்களுக்கு என்ன பாதிப்பு?

சம்பளம் வரை பாதிக்கலாம். 2010-ல் வந்த ஃபால்அவுட்: நியூ வேகாஸை உருவாக்கிய அப்சிடியனுக்கு, மெட்டாகிரிட்டிக்கில் 85 வந்தால் போனஸ் என்று ஒப்பந்தம். வந்தது 84. இதை அதன் எழுத்தாளர்களில் ஒருவரான கிறிஸ் அவலோன் 2012-ல் பொதுவெளியில் சொன்னார். ராயல்டி கிடையாது, அந்த போனஸ்தான் இருந்தது. ஒரு புள்ளிக்கு எந்த அர்த்தமும் இல்லை என்று விமர்சகர்களே ஒத்துக்கொள்ளும் அளவுகோலில் ஒரு புள்ளிக்கு மனிதர்களின் வருமானத்தைக் கட்டிவைத்தது அநியாயம். அதற்காக விமர்சகர் இரக்கப்பட்டு எண்ணைக் கூட்டவும் கூடாது. தவறு ஒப்பந்தத்தில் இருக்கிறது.

காசு வாங்கிக்கொண்டு மார்க் போடுகிறார்களா?

பணம் கொடுத்து 9 வாங்கும் பேரம் வாசகர்கள் நினைக்கும் அளவுக்கு நடப்பதில்லை. உண்மையான அழுத்தம் வேறு வழிகளில் வரும்: விளம்பரம், அடுத்த முறை ரிவ்யூ கோடு கிடைக்காமல் போகும் பயம், உறவு கெடுமோ என்ற தயக்கம். 2007 நவம்பரில் கேம்ஸ்பாட்டின் ஜெஃப் கெர்ஸ்ட்மன், கேன் அண்ட் லிஞ்ச் கேமுக்கு 6.0 தந்தார். அந்த நேரம் தளம் முழுக்க அதே கேமின் விளம்பரம். அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். நிர்வாகத்துக்கு வந்த அழுத்தத்தைப் பற்றி அவர் 2012-ல் வெளிப்படையாகப் பேசினார். இந்தச் சம்பவம் இத்தனை ஆண்டு பேசப்படக் காரணம், எழுத்துப் பிரிவுக்கும் விளம்பரப் பிரிவுக்கும் நடுவே இருக்க வேண்டிய சுவர் உடைந்தது பட்டவர்த்தனமாகத் தெரிந்ததுதான்.

வீடியோ போடுபவர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். ஷேடோ ஆஃப் மோர்டோர் கேமுக்காக யூடியூபர்களுக்குப் பணம் கொடுத்து, நல்லபடியாகவே பேச வேண்டும், பக்குகளைக் காட்டக் கூடாது என்று நிபந்தனை வைத்திருந்ததையும், பணம் வாங்கியது பார்வையாளருக்குச் சரியாகத் தெரிவிக்கப்படாததையும் அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் கையில் எடுத்தது. 2016-ல் அந்த கேமை வெளியிட்ட வார்னர் பிரதர்ஸ் சமரசத்துக்கு வந்தது.

இலவச கோடு வாங்கியது மட்டும் குற்றமல்ல. அதைச் சொல்லாமல் விடுவதுதான் குற்றம். கட்டுரையிலோ வீடியோவிலோ தொடக்கத்திலேயே இருக்க வேண்டும்.

பேட்ச் வந்த பிறகு மதிப்பெண்ணை மாற்றலாமா?

தளத்துக்குத் தளம் கொள்கை வேறு. சிம்சிட்டி, 2013 மார்ச்: எப்போதும் இணைய இணைப்பு வேண்டும் என்ற கேம் அது. வெளியீட்டுக்கு முன் ஆடிய பாலிகான் தளம் 9.5 தந்தது. வெளியானதும் சர்வர்கள் திணறின, மதிப்பெண் 8 ஆனது. சுமையைக் குறைக்க ஆட்ட வேகத்தைக் கூட்டும் வசதி உட்படச் சிலவற்றை நிறுவனமே அணைத்துவிட, 4. நிலைமை சீரானதும் 6.5. ஒரே கேமுக்கு நான்கு எண். அந்தந்த நாளில் வாங்கியவருக்கு ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் முதல் எண்ணைப் பார்த்து வாங்கியவருக்குப் பின்னால் வந்த மூன்றும் உதவவில்லை. சர்வரை நம்பும் கேமுக்குப் பொதுமக்கள் உள்ளே வரும் முன் மதிப்பெண்ணே போடக் கூடாது என்ற பாடத்தைப் பல தளங்கள் அதிலிருந்துதான் எடுத்துக்கொண்டன.

மெட்டாகிரிட்டிக் முதலில் வெளியான எண்ணை மட்டுமே எடுத்துக்கொள்ளும். தளம் பின்னால் மாற்றினாலும் அங்கே மாறாது. அதனால் நல்ல வழி, பழைய விமர்சனத்தை அப்படியே வைத்து, தேதியோடும் பதிப்பு எண்ணோடும் புதிய விமர்சனம் எழுதுவது.

எதிர்த் திசையிலும் இது நடக்கும். 2019 ஜூனில் வந்த க்ராஷ் டீம் ரேசிங் மறுவெளியீட்டில் காசு கொடுத்து வாங்கும் நாணயங்கள் ஆகஸ்டில்தான் சேர்க்கப்பட்டன. விமர்சனங்கள் எல்லாம் அதற்கு முன்பே வந்துவிட்டன.

ரீமாஸ்டர், போர்ட், டிஎல்சி?

போர்ட் (வேறு மெஷினுக்கு மாற்றிய பதிப்பு) என்றால் அந்த மெஷினில் எப்படி ஓடுகிறது என்பதே விமர்சனம். ரீமாஸ்டரில் (பழைய கேமை மெருகேற்றிய பதிப்பில்) எது மாறியது, எது மாறவில்லை, பழைய சேவ் வேலை செய்யுமா என்று சொல்ல வேண்டும். டிஎல்சி-க்கு (பின்னால் தனியாக வரும் கூடுதல் பகுதிக்கு), மூல கேமை முடித்து எத்தனை நாள் ஆனவரும் திரும்ப உள்ளே வர முடியுமா என்று பாருங்கள்.

விமர்சகருக்குத் திறமை போதாது என்பதால் மார்க் குறைந்ததா என்று எப்படி அறிவது?

எந்த டிஃபிகல்டியில் ஆடினார், எந்த பாஸிடம் எத்தனை முறை தோற்றார் என்று எழுதியிருக்கிறாரா பாருங்கள். எழுதியிருந்தால் நீங்களே கழித்துக்கொள்ளலாம். முறையான வழி, நிறுவனம் இயல்பாக வைத்திருக்கும் டிஃபிகல்டியில் முழுதும் ஆடிவிட்டு, எளிதிலும் கடினத்திலும் தலா ஒரு மணி நேரமாவது பார்ப்பது. எதிரியின் உயிர் அளவு மட்டும் கூடுகிறதா, அல்லது அவன் நடத்தையே மாறுகிறதா என்பது அப்போது தெரியும். தேர்ச்சியான ஆட்டக்காரர்தான் நல்ல விமர்சகர் என்பதும் தப்பு. தோற்றபோது ஏன் தோற்றோம் என்று கேம் புரியவைத்ததா என்பதைக் கவனிக்கத் தெரிந்தவர் வேண்டும்.

கூடவே வசதி அமைப்புகளையும் பார்க்க வேண்டும். சப்டைட்டில் அளவு, பட்டன் மாற்றும் வசதி, நிறக்குறைபாட்டுக்கான அமைப்பு, அழுத்திப் பிடிப்பதற்குப் பதில் ஒரு தட்டலில் முடியுமா. இவை முதல் கட்சீனுக்கு (கதை சொல்லும் வீடியோ காட்சிக்கு) முன்பே கிடைக்கின்றனவா என்பதும் முக்கியம்.

மதிப்பெண்ணே போடாத தளங்கள் ஏன் அப்படி?

எண்ணைப் பார்த்துவிட்டு எழுத்தை யாரும் படிப்பதில்லை என்பதால். ராக் பேப்பர் ஷாட்கன் ஆரம்பத்திலிருந்தே போட்டதில்லை. பாலிகான் 2018-ல் நிறுத்தியது. யூரோகேமர் 2015-ல் நிறுத்திவிட்டு, 2023-ல் ஐந்து நட்சத்திரத்தோடு திரும்பி வந்தது. எண்ணை வெறுப்பதும் எளிதல்ல. அவசரத்தில் இருக்கும் வாசகருக்கு அது உண்மையிலேயே உதவுகிறது.

ஸ்டீமில் ஆடியவர்கள் எழுதுவதை நம்பலாமா?

அங்கே எண் கிடையாது, பரிந்துரைக்கிறேன் அல்லது இல்லை, அவ்வளவே. 95% என்பது சராசரி மதிப்பெண் அல்ல, 100 பேரில் 95 பேர் பரிந்துரைக்கிறார்கள் என்று பொருள். எல்லோருக்கும் ஓரளவு பிடித்த சாதாரண கேம் 95% வாங்கும். சிலர் கொண்டாடிச் சிலர் வெறுக்கும் துணிச்சலான கேம் 65% வாங்கி 'கலவை' என்ற பெயரோடு நிற்கும்.

எழுதியவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்று அங்கேயே இருக்கும், அதைப் பாருங்கள். வேறு இடத்தில் வாங்கிய கீயால் எழுதப்பட்டவை 2016 முதல் மொத்தக் கணக்கில் சேர்வதில்லை. கேமுக்குச் சம்பந்தமில்லாத கோபத்தில் கும்பலாக எழுதப்படுபவற்றை 2019 முதல் ஸ்டீமை நடத்தும் வால்வ் கணக்கிலிருந்து விலக்குகிறது. கிராஃபில் திடீரென்று ஒரு சிவப்புக் கோபுரம் தெரிந்தால் அந்த வாரத்துப் பதிவுகளைத் திறந்து காரணத்தைப் படியுங்கள். சில சமயம் அரசியல் சண்டை, சில சமயம் சேவ் ஃபைலை அழித்த பேட்ச். இரண்டாவது உங்களுக்கும் பிரச்சினை.

மெட்டாகிரிட்டிக்கும் 2020 ஜூலையில் ஒரு தடை வைத்தது: வெளியாகி 36 மணி நேரம் கழித்தே பயனர்கள் எழுத முடியும். அதற்கு முந்தைய மாதம் தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகம் வெளியான சில மணி நேரத்திலேயே ஆயிரக்கணக்கில் பூஜ்ஜியங்கள் குவிந்திருந்தன. முடிக்கவே 20 மணி நேரத்துக்கு மேல் ஆகும் கேம் அது.

புதிதாக எழுதத் தொடங்குபவர் என்ன செய்ய வேண்டும்?

வாங்கலாமா என்ற கேள்விக்கு முதல் இரண்டு பத்திக்குள் பதில் சொல்லுங்கள். கதைச் சுருக்கத்தை ஒரு பத்தியில் நிறுத்துங்கள். அம்சங்களைப் பட்டியலிடாதீர்கள், அது ஸ்டோர் பக்கத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு தீர்ப்புக்கும் கண்ணால் பார்த்த ஒரு இடத்தைச் சாட்சியாக வையுங்கள்.

'கண்ட்ரோல் சரியில்லை' என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: 'ஓடிக்கொண்டே தாவும்போது பட்டனை அழுத்துவதற்கும் கால் எழும்புவதற்கும் நடுவே ஒரு தாமதம். விளிம்புக்கு ஓரடி முன்பே அழுத்தக் கை பழகிவிடுகிறது. மூன்றாம் கட்டத்தில் பலகைகள் நகரத் தொடங்கியதும் அந்தப் பழக்கமே நம்மைப் பள்ளத்தில் தள்ளுகிறது.' இதைப் படித்தவர், தனக்கு அது பொறுக்குமா என்று தானே முடிவு செய்துகொள்வார்.

கோடு கிடைக்க அவசரப்பட வேண்டாம். ஏற்கனவே வெளியான, சிறிய கேம்களைப் பற்றிப் பத்துக் கட்டுரை எழுதி வைத்துவிட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். கட்டுரைகளின் இணைப்பு, எந்த மெஷினுக்குக் கோடு வேண்டும், எப்போது வெளியிடுவீர்கள் என்ற மூன்று தகவல் போதும்.

விமர்சகர்கள் பாராட்டியது எனக்குப் பிடிப்பதே இல்லை. என்ன செய்வது?

சராசரியை விட்டுவிட்டு ஆளைத் தேடுங்கள். நீங்கள் ஏற்கனவே முடித்த ஐந்து கேம்களை எடுத்து, அவற்றைப் பற்றி ஒரே விமர்சகர் என்ன எழுதினார் என்று பாருங்கள். மதிப்பெண் ஒத்துப்போக வேண்டியதில்லை. உங்களை உறுத்தியது அவரையும் உறுத்தியதா என்பதே கேள்வி. எப்போதும் உங்களுக்கு நேர் எதிராகச் சொல்பவரும் பயன்படுவார், எந்தக் காரணத்துக்காக அவர் வெறுக்கிறாரோ அதற்காகவே நீங்கள் வாங்கலாம்.

அப்படியும் சந்தேகம் இருந்தால், ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், ஆட்ட நேரம் இரண்டு மணிக்குக் குறைவாக இருக்கும்போது பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கேமுக்குள்ளேயே ஷேடர் கம்பைல் ஆகும் நேரமும், நீளமான தொடக்கக் கட்சீனும், செட்டிங்ஸில் செலவிட்ட நேரமும் அந்த இரண்டு மணியில் சேரும். எனவே பார்க்க நினைத்ததை முதல் 90 நிமிடத்துக்குள் பார்த்துவிடுங்கள்.